இடப்பக்கம் பதினொன்று, வலப்பக்கம் ஒன்பது

எனக்குப் பூனை ஆகாது. வீட்டுப் பூனை ஒன்று காலருகே வந்து நின்றாலே அடுக்கடுக்காகத் தும்முவேன், கண் சிவந்து நீர் வழியும். முப்பது வருடமாகப் பூனைகளை ஆராய்கிறவனுக்கு இப்படி ஓர் ஒவ்வாமை என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. எங்கள் படகுக்காரர் முன்பெல்லாம் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிவிடுவார். "ஐயா பூனையை மடியில கட்டிக்கிட்டுச் சகுனம் பாக்குறவரு" என்பார். அந்தப் பழமொழி அங்கே பொருந்தாது. ஆனாலும் அவர் சொன்னால் சிரிப்பு வரும்.

விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் நேற்றுக் கேட்டது ஒரே ஒரு விஷயம். வேறு சதுப்புக்குக் கொண்டுபோன ஆறு மீன்பிடிப் பூனைகளில் நான்கு செத்துவிட்டன. இங்கே பதினான்கு மிச்சம் இருக்கவேண்டிய இடத்தில் மூன்றுக்கு மேல் தென்படவில்லை. எண்ணிக்கை எங்கே பிசகியது என்று கேட்டீர்கள். ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும் என்றீர்கள். கூடவே எல்லாக் கேமராக்களின் கார்டுகளையும் பெட்டியோடு கேட்டீர்கள். பெட்டியை மேசைமேல் வைத்திருக்கிறேன். அதில் பதினைந்தாம் கேமராவின் உறையை மட்டும் இதைப் படித்து முடித்த பிறகு பிரியுங்கள். ஒரு பக்கத்தில் முடியாதுபோல் இருக்கிறது.

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். மீன்பிடிப் பூனை வீட்டுப் பூனையைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். உடம்பெல்லாம் புள்ளி. ஒருவர் கைரேகை இன்னொருவருக்கு இல்லாததுபோல ஒன்றின் புள்ளி இன்னொன்றுக்கு இருக்காது. அதை வைத்துத்தான் எண்ணுகிறோம். சதுப்பின் நடுவே மரப்பலகை அடித்த பாதை ஒன்று போகிறது, பார்த்திருப்பீர்கள். அதன் ஓரமாகக் கம்பம் நட்டுக் கேமராவைக் கட்டிவைப்போம். பூனை கடந்தால் தானாகப் படம் எடுக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பூனையின் இடப்பக்கப் புள்ளி வேறு, வலப்பக்கப் புள்ளி வேறு. ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கம் எப்படியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கேமராக்களை எதிரும் புதிருமாக வைக்கவேண்டும். இந்தத் தொழிலில் இது பாலபாடம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், முதல் கணக்கெடுப்பில், எங்களிடம் பதினாறு கேமராக்கள்தாம் இருந்தன. ஜோடியாக வைத்தால் எட்டு இடம்தான் கிடைக்கும். சதுப்போ பெரியது. நான் ஒற்றை ஒற்றையாகப் பதினாறு இடத்தில் வைத்தேன். படங்களைப் பிரித்தபோது இடப்பக்கத்தில் பதினொரு பூனைகள், வலப்பக்கத்தில் ஒன்பது பூனைகள். அதிலிருந்து யோக்கியமாகச் சொல்லக்கூடியது "குறைந்தது பதினொன்று" என்பதுதான். நான் இரண்டு கோப்புகளையும் கூட்டி இருபது என்று எழுதினேன். வேண்டுமென்று செய்யவில்லை. அன்று எனக்கு நல்ல காய்ச்சல், மறுநாள் காலை அறிக்கை போயாகவேண்டும். ஒரே பூனையை இடமாக ஒரு தடவை, வலமாக ஒரு தடவை எண்ணிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துத் தலை துவட்டிக்கொண்டு நிற்கும்போது அது எனக்கு உறைத்தது. அப்படியே துண்டோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அதற்குள் அந்த இருபது ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. இந்தச் சதுப்பில் மண் கொட்டி மூடிக் கிடங்குகள் கட்டுவதாக இருந்தார்கள். பதினைந்துக்கு மேல் பூனை இருந்தால் தொடக்கூடாது என்பது விதி. என் இருபதைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். நான் போய், மன்னிக்கவேண்டும், பதினொன்றுதான் என்று சொல்லியிருந்தால் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு லாரி நின்றுகொண்டிருக்கும். என்னால் என்ன செய்ய முடியும் என்று சொல்லுங்கள். வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வருடம் பத்தொன்பது என்று எழுதினேன், அதற்கடுத்த வருடம் இருபத்தொன்று. பிறகு மறுபடி இருபது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். வருடத்துக்கு ஒரு பிடி சோறு போட்டுக்கொண்டே இருந்தால் அவ்வளவு கஷ்டமில்லை.

இனி அவளைப் பற்றி. என் அக்காவின் மகள். அக்காவுக்கு முப்பது வயதில் கணவர் போய்விட்டார். அக்கா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். குழந்தைக்கு அப்போது நான்கு வயது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருவரையும் என்னோடு அழைத்துவந்துவிட்டேன். குழந்தை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. எதைக் கண்டாலும் எண்ணும். எண்ணி முடித்துவிட்டு மறுபடி எண்ணும். வாலு என்று நான்தான் பெயர் வைத்தேன். இருபத்தேழு வயதில் ஆராய்ச்சிப் பட்டத்தோடு இந்த நிலையத்துக்கு வேலைக்கு வந்தபோதும் எல்லாருக்கும் அவள் வாலுதான். படகுக்காரர் மட்டும் பாப்பா என்பார்.

அவளுக்கு எல்லாவற்றையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். சேற்றில் கால் வைக்கும் முன் கம்பு ஊன்றிப் பார்ப்பது, வாக்கி-டாக்கியில் பேச்சை முடிக்கும்போது ஓவர் சொல்வது, ஆபத்தில் மாட்டினால் பேட்டரியைத் தீர்த்துவிடாமல் கால் மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவது. பார்த்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே என்பது. மூலப் பதிவு எதுவாக இருந்தாலும், அது நமக்கு எவ்வளவு பாதகமாக இருந்தாலும் அழிக்கக்கூடாது என்பது. ஒரு முறை சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளியில் மதிப்பெண் குறைந்த தாளைக் கிழித்துப்போட்டுவிட்டாள். துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்து, அலமாரியில் பத்திரப்படுத்தச் செய்தேன். அழுதுகொண்டே ஒட்டினாள்.

அவள் வந்த இரண்டாம் மாதம் வனத்துறையிலிருந்து கடிதம் வந்தது. இந்தச் சதுப்புக்கு இருபது பூனைகள் அதிகம், நெருக்கடியில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், ஆறைப் பிடித்து வேறொரு சதுப்பில் விடப்போகிறோம், எந்த ஆறு என்று தேர்ந்து சொல்லவும் என்று. தேர்ந்தெடுக்கும் வேலையை அவளிடம் கொடுத்தார்கள். அவள் முதலில் செய்த காரியம் இன்னும் பதினாறு கேமராக்களை வாங்கவைத்து, பதினாறு இடத்திலும் ஜோடியாக மாற்றியது. நான் வேண்டாம் என்று எந்தக் காரணத்தைச் சொல்லித் தடுப்பது? பாலபாடம் அல்லவா? நானே கற்றுக்கொடுத்தது அல்லவா?

ஆறு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். அலுவலக அறையின் தரையில் படங்களை வரிசையாகப் பரப்பியிருந்தாள். மேல்வரிசை இடப்பக்கம், கீழ்வரிசை வலப்பக்கம். ஒவ்வொரு ஜோடியையும் ஒரு ரப்பர் வளையம் போட்டு ஒன்றாக்கியிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"மாமா, இருபது இல்ல. ஒம்பது. கூடிப்போனா பத்து. ஆறைத் தூக்கிட்டா மூணுதான் மிச்சம். அதோட இந்தச் சதுப்புல பூனை தீர்ந்துடும்."

கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்க்காமல் படங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்காக வெட்கப்படுகிறாள் என்று தெரிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், ஒருவேளை எல்லாம் அதோடு தீர்ந்திருக்கும்.

கிடங்கு விஷயத்தைச் சொன்னேன். பத்துக்குள் என்று தெரிந்தால் சதுப்பையே மூடிவிடுவார்கள் என்றேன். அவள் யோசித்தாள். அந்த விதி போன வருடமே மாறிவிட்டது, இப்போது ஒரு பூனை இருந்தாலும் மூடமுடியாது என்றாள். எனக்கு அது தெரியாது. உண்மையாகவே தெரியாது. 

"நீங்களே சொல்லிடுங்க மாமா. நீங்க சொன்னா திருத்தின மாதிரி இருக்கும். நான் சொன்னா உங்களைக் குத்தின மாதிரி ஆயிடும்."

சொல்கிறேன் என்றேன். ஒரு வாரம் கேட்டேன். பிறகு இன்னொரு வாரம். மேலதிகாரிகள் வந்து கையெழுத்துப் போடும் நாள் ஒரு வியாழக்கிழமை, மாலை மூன்று மணிக்கு என்று குறித்தார்கள். அன்று காலை அவள் தண்ணீர்ப் புட்டியைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள். பதினான்கு, பதினைந்து, பதினாறு மூன்றின் கார்டுகள்தாம் பாக்கி, போய் எடுத்துவருகிறேன், ஒன்பதா பத்தா என்பது அதில் முடிந்துவிடும், இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன். கூட்டத்தில் நான் சொல்லவில்லையென்றால் கார்டுகளை மேசைமேல் வைத்துவிடப்போவதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டு, மதியம் மாத்திரை போட மறக்காதீர்கள் என்றாள். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு.

வாசலில் இருக்கிற கரும்பலகையைக் கவனித்திருப்பீர்கள். சதுப்புக்குள் போகிறவர்கள் எங்கே போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று அதில் எழுதிவிட்டுத்தான் போகவேண்டும். திரும்பி வந்தவர்கள் தங்கள் வரியைத் தாங்களே அழிக்கவேண்டும். குறித்த நேரம் தாண்டியும் வரி அழியாமல் இருந்தால் படகு புறப்படும். பலகை வெறுமையாக இருந்தால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட இது தவறியதில்லை. அவள் எழுதினாள்: "வாலு, 14-15-16, திரும்புவது 2 மணி." கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும்.

படகுக்காரர் வடக்குப் பக்கம் வேலையாகப் போயிருந்தார். நிலையத்தில் நான் மட்டும்தான். வாக்கி-டாக்கி எங்களிடம் இரண்டே இரண்டு. ஒன்று உள்ளே போகிறவரிடம், ஒன்று நிலையத்தில். பத்து ஐம்பதுக்கு அது பேசியது.

"மாமா, கேக்குதா? பதினைஞ்சுக்குப் பக்கத்துல பலகை உடைஞ்சு கால் உள்ள போயிடுச்சு. தொடை வரைக்கும் மாட்டிக்கிட்டேன். எலும்பு உடையல. இழுத்தா வரமாட்டேங்குது. படகை அனுப்புங்க. ஓவர்."

நான் உடனே எழுந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், உடனே எழுந்தேன். படகுக்காரரைக் கூப்பிட மேட்டில் ஏறிக் கொடி காட்டவேண்டும். வாசலுக்கு வந்தபோது கரும்பலகை கண்ணில் பட்டது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. அவள் கொஞ்சம் தாமதமாக வந்தால் கூட்டம் முடிந்துவிடும். கையெழுத்தாகிவிட்டால் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், பிடிப்பதைத் தள்ளிப்போட ஏதாவது வழி பார்க்கலாம். காலில் காயம் இல்லை. பையில் ரொட்டி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. அவள் பயப்படுகிற பெண்ணும் அல்ல. ஒரு நாலைந்து மணி நேரம். யோசித்துக்கொண்டே அவள் வரியைக் கையால் துடைத்தேன். சுண்ணாம்புக்கட்டித் தூள் உள்ளங்கையில் ஒட்டியது, கழுவினேன்.

வாரத்தில் ஒரு நாள் மேலே அணையில் மதகைத் திறப்பார்கள். திறந்தால் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் பதினைந்தாம் கேமரா வரை வந்து மரப்பாதை மூழ்கும். நிற்கிறவருக்கு மார்பளவு ஏறும். அதனால்தான் கேமராக்களை ஆள் உயரத்தில் கட்டியிருக்கிறோம். அந்த நாள் வியாழக்கிழமை. திறக்கிற நேரம் மாலை மூன்று. அது எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆசைதான். தெரியும்.

நான் சொல்லிக்கொடுத்தபடியே அவள் கால் மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டாள். முதல் சில தடவை, ஒருவேளை என் பக்கம் கேட்கவில்லையோ என்று நினைத்து மெதுவாக, வார்த்தை வார்த்தையாகப் பேசினாள். பிறகு மாட்டியிருக்கிற இடத்தை அடையாளத்தோடு சொன்னாள், கம்பத்திலிருந்து எத்தனையாவது பலகை என்று சொன்னாள், படகு எந்தப் பக்கமாக வந்தால் சுலபம் என்று சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஓவர் சொன்னாள். படகுக்காரர் ஒரு மணிக்குத் திரும்பிவந்தார். நான் வாக்கி-டாக்கியை என் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தியிருந்தேன். அவர் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, பாப்பா வந்துட்டாங்களா என்று கேட்டார். வந்துவிட்டு டவுனுக்குப் போயிருக்கிறாள் என்றேன். கூட்டத்தன்று டவுனுக்குப் போகிறதே, பாப்பாவுக்குப் பெரிய அதிகாரிகளைக் கண்டால் ஆகாது போலிருக்கிறது, ஐயாவுக்குப் பூனையைக் கண்டால் வெறும் தும்மலோடு போகிறது என்று என்னைச் சீண்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நானும் சாப்பிட்டேன். மாத்திரையும் போட்டுக்கொண்டேன்.

இரண்டு இருபதுக்கு அவள் கூப்பிட்டபோது என்னால் தாங்கமுடியவில்லை. அழவில்லை அவள். ஆனால் குரல் வறண்டு, சின்ன வயதில் ஜுரத்தில் கிடந்தபோது பேசுவாளே, அப்படி இருந்தது. என் விரல் பேசும் பொத்தானை அழுத்திவிட்டது. அழுத்தினால் மறுமுனையில் டிக்கென்று ஒரு சத்தம் கேட்கும்.  பேசாமலே விரலை எடுத்துவிட்டேன்.

 அடுத்த கால் மணி நேரம் அவள் என்ன யோசித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அடுத்த தடவை பேசியபோது அவள் உதவி கேட்கவில்லை.

"சரி மாமா. நீங்க அமுக்குனது கேட்டுச்சு. புரியுது. மீட்டிங்கை முடிச்சுட்டே வாங்க. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன், இருபதுன்னே இருக்கட்டும். அஞ்சு மணிக்குத் தண்ணி இங்க வந்துடும். அதுக்குள்ள வந்துடுங்க. ஓவர்."

இது பதினாறாவது அழைப்பு. அதற்குள் ஜீப் சத்தம் கேட்டது. வாக்கி-டாக்கியை அணைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

கூட்டம் சுமுகமாக நடந்தது. இருபது என்றார்கள், இருபது என்றேன். எந்த ஆறு என்பதற்கு அவள் தயாரித்திருந்த படங்களையே காட்டினேன். ஒருவர், உங்கள் மருமகள் எங்கே, கெட்டிக்காரப் பெண் என்று கேள்விப்பட்டோமே என்றார். நான் நன்றி சொன்னேன். நான்கு மணிக்கு எழுந்தார்கள், நான்கு பத்துக்கு ஜீப் கிளம்பிப் போயிற்று.

படகில் பதினைந்தாம் கேமராவுக்கு இருபத்தைந்து நிமிடம். தண்ணீர் வர ஐம்பது நிமிடம் இருந்தது. எனக்குக் கணக்கு நன்றாக வரும்.

நான் வெளித் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு விஷயம்தான் மனதில் ஓடியது. அவள் சொல்லமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கிழித்த தாளை ஒட்டவைத்து வளர்த்த பிள்ளை. ஒரு மாதம் தாங்குவாள், இரண்டு மாதம் தாங்குவாள், ஒரு நாள் சொல்லிவிடுவாள். பூனை எண்ணிக்கையை மட்டுமா சொல்வாள்? அந்த டிக் சத்தத்தையும் சொல்லவேண்டிவரும். அக்காவிடம் சொல்லவேண்டிவரும். அவளை நான் வேறு மாதிரி வளர்த்திருந்தால் அன்று நம்பிப் போயிருப்பேன். இனி போய்ப் பயனில்லை, தண்ணீர் சீக்கிரமே வந்திருக்கும் என்று எனக்குள் ஒரு தரம் சொல்லிப்பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அது உண்மைபோலவே இருந்தது. படகுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தன் மாமியாரைப் பற்றி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் தேடினோம். நான்தான் தேடுவதை நடத்தினேன். பேருந்து நிலையம், அவள் தோழியின் வீடு, டவுனிலுள்ள மருத்துவமனைகள். அக்கா ஊரிலிருந்து வந்துவிட்டாள். என் தோளில் சாய்ந்துகொண்டு ஜீப்பில் கூடவே வந்தாள். மூன்றாம் நாள் காலையில் படகுக்காரர் யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சதுப்புக்குள் போயிருக்கிறார். அவர் திரும்பிவந்து கரையில் இறங்கிய விதத்தைப் பார்த்து அக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவர் என்னிடம் வந்து, "பலகையைப் பாத்தேனேய்யா, பேரு இல்லியே, நான் பாத்தேனே" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அதை அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். படகை விட்டுவிட்டார். யாரையும் சிரிக்க வைப்பதில்லை.

அப்போது நடந்த விசாரணையில், பலகை வெறுமையாக இருந்ததால் டவுனுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துச் சொன்னேன் என்றேன்; அவள் பலகையில் எழுத மறந்துவிட்டுப் போனாள் என்று முடித்தார்கள். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் ஒரு வரி எழுத மறந்தால் என்ன ஆகும் பாருங்கள் என்கிறேன். அதன் பிறகு யாரும் எழுதாமல் போவதில்லை. அந்த வகையில் நாலு பேருக்குப் பிரயோஜனம்.

அடுத்த வாரம் நான் போய்ப் பதினைந்தாம் கேமராவின் இரண்டு கார்டுகளையும் எடுத்துவந்தேன். உடைந்த பலகை இரண்டு கம்பங்களுக்கும் நடுவில்தான் இருந்தது. எங்கள் படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு: பூனை, பிற விலங்கு, மனிதர். வழக்கம்போல் உட்கார்ந்து நிரப்பினேன். பூனை மூன்று. பிற விலங்கு இல்லை. மனிதர் நானூற்று ஒன்பது. இடப்பக்கமும் இருக்கிறது, வலப்பக்கமும் இருக்கிறது. ஒரே ஆள்தான், அதில் பிசகில்லை.

முதல் படம் பத்து நாற்பத்தொன்பது. மதியம் ரொட்டி சாப்பிடுகிறாள். பிறகு வெகுநேரம் தலையைக் குனிந்து ஏதோ வேலை செய்கிறாள். பதினான்காம் கேமராவின் கார்டுகளை அதற்குள் எடுத்திருந்தாளே, அவற்றைக் கையிலிருந்த சின்னக் கேமராவில் போட்டுப் பார்த்து நோட்டில் குறிக்கிறாள். மாட்டிக்கொண்டு கிடக்கும்போதும் இடத்தையும் வலத்தையும் பொருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். நான்கு மணிக்கு மேல் நிலையம் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாற்பது படங்களுக்கு மேல் அப்படி. ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு, தண்ணீர் மடிக்கு வந்த பிறகு, நோட்டை விரித்து முதலில் இடது கேமராவுக்கும் பிறகு வலது கேமராவுக்கும் தூக்கிக் காட்டுகிறாள். பக்கம் முழுக்க ஒரே ஓர் எண். ஒன்பது.

அவளுக்கு என்னைத் தெரியும். நான் வரமாட்டேன் என்று தெரிந்த பிறகும், கார்டை அழிக்கமாட்டேன் என்று தெரிந்திருக்கிறது.  கார்டுகளை உறையில் போட்டு, எண் எழுதி, பெட்டியில் அதனுடைய இடத்தில் வைத்தேன். அவள் சொன்னதை யாரிடமும் கொண்டுபோகவில்லை, ஆறு பூனைகளைப் பிடிக்கும்போது கூடவே நின்றேன். ஆனால் அழிக்கவில்லை. பதினான்கு மாதமாக அது அங்கேயேதான் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. நேற்று நீங்கள் கேட்டீர்கள்.

கடைசிப் படம் ஐந்து இருபத்திரண்டு. நான்கு பத்திலிருந்து ஐந்து இருபத்திரண்டு வரை, எழுபத்திரண்டு நிமிடம், அவள் உயிரோடு இருந்தாள், நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பலகை உடைந்தது விபத்து. மற்றதெல்லாம் நான். அவளைக் கொன்றது நான்தான். இதற்கு வேறு சொல் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை.

நீங்கள் செய்யவேண்டியதைச் செய்யுங்கள், நான் எதையும் மறுக்கமாட்டேன். படகுக்காரரைக் கூப்பிட்டுப் பலகையில் பெயர் இருந்தது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டாள். காலையில் என் மாத்திரையை எடுத்துவைக்கிறாள், சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னடா ஆயிருப்பேன்" என்கிறாள். அவளிடம் இதைச் சொல்லவேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதாகச் சொல்லிக்கொள்ளுங்கள். புருஷனைப் பறிகொடுத்தாள், பெற்ற ஒரே பிள்ளையையும் பறிகொடுத்தாள். பாவம், அவளுக்கு இந்த உலகத்தில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.